இடைக்கால இங்கிலாந்தின் பொன்னிழைத் திருவுடைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘ஓபஸ் ஆங்லிகானும்’ என்றால் என்ன?

லத்தீனில் ‘இங்கிலாந்து வேலை’ என்று பொருள். இங்கிலாந்துக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் அல்ல. ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் ஆலயக் கருவூலங்களுக்குச் சொத்துப் பட்டியல் எழுதியவர்கள், ஒரு துணியைப் பார்த்ததும் அது எங்கிருந்து வந்தது என்று குறிக்க இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். பொன்னிழையும் பட்டிழையும் கொண்டு இயேசு, கன்னி மரியா, திருத்தூதர், வானதூதர் உருவங்களைத் தைத்த பூசை உடைகளே இதில் பெரும்பகுதி. அரண்மனைக்கும் பிரபுக்களுக்கும் தைத்த துணிகளும் உண்டு. அவற்றில் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன.

இந்தக் கலையின் பொற்காலம் ஏறத்தாழ 1250 முதல் 1350 வரை. ஆனால் வேர் அதற்கும் பழையது. 909க்கும் 916க்கும் இடையில் ராணி எல்ஃப்ளெட் வின்செஸ்டர் ஆயர் ஃப்ரிதெஸ்டானுக்காகத் தைக்கச் சொன்ன தோள்பட்டையும் (கழுத்தில் தொங்கும் பூசைப் பட்டை) கைப்பட்டையும் (இடது கையில் தொங்கும் பட்டை) இன்றும் டர்ஹம் பேராலயத்தில் உள்ளன. கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் அந்தத் துணியிலேயே தைக்கப்பட்டிருக்கின்றன. அவை 1827இல் புனித கத்பெர்ட்டின் சவப்பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டவை.

இங்கிலாந்து வேலைக்கு ஏன் அவ்வளவு மதிப்பு?

1295இல் வத்திக்கான் கருவூலத்துக்கு எழுதிய பட்டியலில் இங்கிலாந்து வேலை என்று குறித்த உருப்படிகள் மட்டும் 100க்கும் மேல். அதற்கு அரை நூற்றாண்டு முன்பு, 1246இல், நான்காம் இன்னசென்ட் பாப்பரசர் இங்கிலாந்துக் குருக்கள் சிலரின் உடையில் இருந்த பொன்வேலையைப் பார்த்து, இது எங்கே செய்தது என்று கேட்டாராம். இங்கிலாந்தில் என்றதும், அந்நாடு நமக்கு இன்பத் தோட்டம், வற்றாத கிணறு என்று சொல்லி, அங்கிருந்த சிஸ்டர்சியன் மடங்களின் தலைவர்களுக்கு இதே மாதிரி வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். இதை எழுதி வைத்தவர் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி மத்தேயு பாரிஸ். லண்டன் வியாபாரிகளுக்கு இதில் வருத்தமே இல்லை, கேட்ட விலைக்கு விற்றார்கள் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறார்.

மதிப்புக்குக் காரணம் தங்கம் மட்டும் அல்ல. தங்கம் இத்தாலியிலும் இருந்தது. துணி போலவே மடியும் பொன்பரப்பும், ஓவியம் போல உயிருள்ள முகமும் ஒரே ஆடையில் கிடைத்ததுதான் இங்கிலாந்து வேலையின் தனித்தன்மை. இந்த இரண்டையும் கீழே தனித்தனியாக விளக்குகிறோம்.

எந்தெந்த ஆடைகளில் இந்த வேலை இருக்கும்?

முதலில் கோப். இது அரைவட்டமாக வெட்டிய பெரிய போர்வை, அகலம் ஏறத்தாழ 3 மீட்டர், உயரம் அதில் பாதி. தோளில் போட்டு மார்பில் ஒரு கொக்கித் தகட்டால் பூட்டிக்கொள்வார்கள். பவனிகளிலும் பெருவிழாக்களிலும் அணிவது. இன்று மிஞ்சியிருக்கும் பெரிய வேலைகளில் பெரும்பாலானவை கோப்புகளே.

அடுத்தது சாசுபிள். நம் ஆலயங்களில் குருவானவர் திருப்பலியின்போது எல்லாவற்றுக்கும் மேலே அணியும் உடை. அந்தக் காலத்தில் அது மணி வடிவில், கைகளையும் மூடி, சுற்றிலும் தொங்கும். அப்பத்தை உயர்த்தக் கை தூக்கும்போது முழுத் துணியும் கைமேல் ஏறிவிடும். அதனால் பின்வந்த நூற்றாண்டுகளில் பக்கவாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். லண்டனில் உள்ள கிளேர் சாசுபிள் (1272-1294) அப்படி ஓரம் வெட்டுப்பட்ட ஒன்று. பழைய சாசுபிளில் ஓரத்து உருவம் பாதியில் அறுபட்டு நின்றால், வரைந்தவரின் தவறு என்று நினைக்க வேண்டாம், கத்தரி பிறகு வந்தது.

திருத்தொண்டர் அணியும் டால்மாட்டிக், கழுத்தில் தொங்கும் ஸ்டோல் என்னும் தோள்பட்டை, இடது கையில் தொங்கும் மானிப்பிள் என்னும் கைப்பட்டை, ஆயர் தலையில் அணியும் மைட்டர் என்னும் தொப்பி ஆகியவற்றிலும் இதே வேலை உண்டு. மானிப்பிள் 1967க்குப் பின் கட்டாயம் இல்லாமல் போனதால் இன்று பலரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். உடையின் முன்னோரத்திலோ நடுவிலோ வரும் அலங்காரப் பட்டைக்கு ஆர்ஃப்ரி என்று பெயர்.

பொன்னிழை என்பது தங்கக் கம்பியா?

இல்லை. வெள்ளித் தகட்டின்மேல் தங்கம் பூசி, தட்டி மெல்லிதாக்கி, நுண்ணிய கீற்றாக நறுக்கி, அந்தக் கீற்றைப் பட்டு நூலின்மேல் சுற்றியிருப்பார்கள். காஞ்சிபுரம் பட்டுக்குப் போடும் அசல் சரிகை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கேயும் பட்டு நூலின்மேல் வெள்ளிக் கீற்று, அதன்மேல் தங்கம். நம் சரிகையில் உள்நூல் சிவப்பு. இங்கிலாந்து வேலையில் பெரும்பாலும் மஞ்சள் அல்லது வெள்ளை. கீற்று சற்றே விலகினாலும் மஞ்சள் நூல் பொன்னோடு பொன்னாகத் தெரியும்.

உள்ளே நூல் இருப்பதே முக்கியம். வெறும் கம்பியாக இருந்தால் அடுத்து வரும் தையல் முறை நடக்கவே நடக்காது.

அந்தப் பொன்பரப்பில் தையலே தெரியவில்லையே, எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது?

இதுதான் இந்தக் கலையின் இதயம். கட்டுத்தையல் என்பது, ஒரு தடித்த இழையைத் துணிமேல் கிடத்தி, இன்னொரு மெல்லிய நூலால் ஆங்காங்கே கட்டி நிறுத்துவது. ஆரி வேலையிலும் சர்தோசியிலும் கம்பியை இப்படித்தான் பிடித்து வைக்கிறார்கள். கட்டும் நூல் மேலே தெரியும்.

இங்கிலாந்துக்காரர்கள் அதை அடிப்புறமாக்கினார்கள். வரிசை இப்படி:

1. பொன்னிழையைத் துணியின் மேல்பரப்பில் நேராகக் கிடத்துவார்கள். அது ஊசியில் கோத்த நூல் அல்ல, துணிக்குள் தானாகப் போகாது.
2. மெழுகிட்ட வலுவான லினன் நூலைக் கோத்த ஊசியைப் பொன்னிழையின் ஓரத்தில் கீழிருந்து மேலே கொண்டுவருவார்கள்.
3. அந்த நூலைப் பொன்னிழையின் மேலாகக் கடத்தி, ஏறிவந்த அதே துளையில் திரும்ப இறக்குவார்கள்.
4. கீழிருந்து இறுக்கி இழுப்பார்கள். லினன் நூலோடு பொன்னிழையும் ஒரு சின்னக் கண்ணியாக மடங்கி, அந்தத் துளை வழியே ‘டப்’பென்று அடிப்புறம் போய்விடும்.
5. சில மில்லிமீட்டர் தள்ளி அடுத்த கட்டு. இப்படியே வரிசை வரிசையாக.

மேலே லினன் நூல் மிச்சமே இல்லை. கண்ணுக்குத் தெரிவது பொன் மட்டும், அதில் ஒரு சிறு பள்ளம். அடியில் திருப்பிப் பார்த்தால் லினன் கோடுகள், ஒவ்வொரு கட்டிலும் கடுகளவு பொன் கண்ணி.

அந்தப் பள்ளங்களை எங்கே வைப்பது என்பதே ஒரு ஓவியம். அடுத்தடுத்த வரிசையில் சற்றுத் தள்ளி வைத்தால் செங்கல் அடுக்கு மாதிரி, ஒரே சீராக ஏற்றி இறக்கினால் அலைவரி மாதிரி. சில வேலைகளில் பள்ளங்களாலேயே சிங்கமும் லில்லிப் பூவும் பொன் பின்புலத்தில் எழுந்து நிற்கும். வேறு நிறமே இல்லை, பொன்னின்மேல் பொன், ஒளி படும் கோணம் மாறினால்தான் உருவம் தெரியும்.

இவ்வளவு சிரமம் எதற்கு? மேலேயே கட்டினால் போதாதா?

இரண்டு காரணம்.

முதலாவது, மடிப்பு. மேலே கட்டிய பொன்னிழை நீளமாக, விறைப்பாக, குச்சி போலக் கிடக்கும். பெரிய பரப்பு முழுவதும் அப்படி நிரப்பினால் துணி பலகையாகிவிடும். அடிப்புற முறையில் ஒவ்வொரு கட்டும் ஒரு கீல். பொன்னிழை அந்த இடத்தில் கீழே போய்த் திரும்பி வருவதால் அங்கே துணி மடியும். முழுக்கப் பொன்னால் மூடிய கோப்பும் தோளிலிருந்து இறங்கும்போது போர்வை போல விழும்.

இரண்டாவது, தேய்மானம். மேலே தெரியும் கட்டு நூல்தான் முதலில் உரசி அறுந்துபோகும். அது அறுந்ததும் பொன்னிழை கிளம்பித் தொங்கும். இதில் கட்டு நூல் அடிப்புறம் பத்திரமாக இருக்கிறது. 700 ஆண்டுகளுக்குப் பிறகும் பொன்பரப்பு முழுசாக நிற்பதன் ரகசியம் அங்கேதான்.

ஓர் ஆடையை ஓவியமாக மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள் என்பது எங்கள் ஆதங்கம். அருங்காட்சியகத்தில் விரித்து வைத்த அரைவட்டம் அசையாது. அது செய்யப்பட்டதோ மெழுகுதிரி வெளிச்சத்தில் ஒரு மனிதர் நடக்க, மண்டியிட, திரும்ப, ஒவ்வொரு மடிப்பிலும் பொன் ஒருமுறை பளிச்சிடுவதற்காக.

முகங்கள் எப்படி அவ்வளவு உயிரோடு இருக்கின்றன?

பிளவுத் தையல். முறுக்கில்லாத, அல்லது மிக லேசாக முறுக்கிய பட்டிழையை எடுப்பார்கள். ஒரு சிறு தையல் போட்டு, அடுத்த தையலுக்கு ஊசி மேலே வரும்போது முந்தைய தையலின் நடுவைப் பிளந்துகொண்டு வரும். தையல் எவ்வளவு சிறிதோ அவ்வளவு வளைவு கிடைக்கும். ஊசி, கோடு போடும் பேனாவாகிவிடுகிறது.

ஒரு முகத்தை நெருங்கிப் பாருங்கள். கன்னத்தின் நடுவில் ஒரு புள்ளியில் தொடங்கி, நத்தை ஓடு போலச் சுற்றிச் சுற்றித் தையல் வெளியே விரிகிறது. நெற்றியில் வளைவு வேறு, மூக்கில் நேராக இறங்குகிறது. நிறம் முழுக்க ஒரே வெளிறிய பட்டுத்தான். பட்டின் பளபளப்பு தையல் போகும் திசைக்கு ஏற்ப மாறுவதால், நிழல் போடாமலே கன்னம் உருண்டு நிற்கிறது. முடியிலும் தாடியிலும் இரண்டு நிறங்கள் மாறி மாறி வரியாகப் போகும். நீலத் தாடிகூட உண்டு.

கன்னக் குழியைச் சூடாக்கிய சிறு இரும்புக் குமிழால் அழுத்தி உண்டாக்கினார்கள் என்று 19ஆம் நூற்றாண்டில் எழுதினார்கள். இன்னும் சில இடங்களில் அது திரும்பச் சொல்லப்படுகிறது. அது சரியல்ல. சுற்றித் தைக்கும்போது வரும் இழுவையும் ஒளியும்தான் அந்தத் தோற்றத்தைத் தருகின்றன. பட்டில் சூட்டு இரும்பை வைத்து அழுத்த எந்தத் தையல்காரருக்கும் மனம் வராது.

படம் வரைந்தது யார், தைத்தது யார்?

லினன் துணியில் மையால் கோடு வரைந்துகொண்டு அதன்மேல் தைத்தார்கள். தையல் உதிர்ந்த இடங்களில் அந்த மைக்கோடு இன்றும் தெரிகிறது. கோட்டின் கைத்திறனையும் உருவங்களின் நிற்கும் பாணியையும் பார்த்தால் கையெழுத்துச் சுவடிகளுக்குப் படம் வரைந்தவர்களின் உலகத்தோடு நெருங்கிய தொடர்பு தெரியும்.

தைத்தவர்கள் கன்னியர் மடத்துப் பெண்கள் மட்டும் என்பது பரவலான எண்ணம். ஆனால் பொற்காலத்து வேலையில் பெரும்பங்கு லண்டன் பட்டறைகளில் கூலிக்கு உழைத்த ஆண்கள், பெண்களின் கைவேலை. பெயர் தெரிந்தவர்கள் குறைவு. அவர்களில் ஒருவர் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊர் மேபல். 1239 முதல் சில ஆண்டுகள் மூன்றாம் ஹென்றி மன்னருக்காகத் தைத்தார். 1256இல் மன்னர் அந்த ஊருக்குப் போனபோது அவரை மறக்காமல், துணியும் முயல்தோல் வைத்த அங்கியும் கொடுக்கச் சொன்னார்.

காலமும் காசும் எவ்வளவு என்பதற்கு நல்ல சான்று, வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் பலிபீட முகப்புத் துணிக்கான 1271ஆம் ஆண்டுக் கணக்கு. நான்கு பெண்கள் மூன்றே முக்கால் ஆண்டு தைத்தார்கள். கூலி 36 பவுன். முத்துக்கும் மினா (எனாமல்) வேலைக்கும் ஆன செலவு அதைவிட மிக அதிகம். அந்தத் துணி இன்று இல்லை, கணக்கு மட்டும் இருக்கிறது.

ஒரே ஒரு கோப்பைப் பார்ப்பதென்றால் எதை, எப்படிப் பார்ப்பது?

சையோன் கோப். 1310-1320 காலத்து வேலை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1864 முதல் இருக்கிறது. அகலம் 2.9 மீட்டருக்குச் சற்று மேல். ஐந்தாம் ஹென்றி 1415இல் நிறுவிய சையோன் மடத்துக் கன்னியரிடம் இருந்ததால் இந்தப் பெயர். இங்கிலாந்தில் மடங்கள் மூடப்பட்டபின் அந்தக் கன்னியர் நாடு நாடாக அலைந்து லிஸ்பனில் தங்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோப் இங்கிலாந்துக்குத் திரும்பியது.

முதலில் தூர நின்று அமைப்பைப் பாருங்கள். நான்கிதழ்ப் பூப்போன்ற சட்டங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பரப்பு முழுவதும் போகின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு காட்சி, இடைவெளிகளில் சக்கரத்தின்மேல் நிற்கும் சிறகுள்ள வானதூதர்கள். முதுகின் நடுக்கோட்டில் மேலிருந்து கீழாக முக்கியக் காட்சிகள்: கன்னி மரியாவின் முடிசூட்டு, சிலுவையில் இயேசு, அலகையை வீழ்த்தும் மிக்கேல் சம்மனசு.

விரித்து வைத்தால் ஓரத்து உருவங்கள் சாய்ந்து, சக்கரத்து ஆரங்கள் போலத் தெரியும். குழம்ப வேண்டாம். இரண்டு கைகளையும் முன்னே கொண்டுவந்து மனத்தில் அணிந்து பாருங்கள். தோளைச் சுற்றி வந்ததும் ஒவ்வொருவரும் நேராக நிமிர்ந்து நிற்பார்கள்.

பிறகு பின்புலம். இதில் பின்புலம் பொன் அல்ல. சட்டங்களுக்குள் சிவப்பும் வெளியே பச்சையுமாகப் பட்டிழையால் முழுத் துணியையும் மூடியிருக்கிறார்கள், லினன் ஓர் அங்குலம்கூட வெளியே தெரியாது. அந்தப் பச்சை இன்று மங்கிப் பழுப்பேறிவிட்டது. பச்சையை மனத்தில் திரும்பக் கொண்டுவந்தால் ஒழிய இந்தக் கோப்பின் உண்மையான தோற்றம் பிடிபடாது.

கடைசியாகக் கீழ் ஓரம். திருத்தூதர் வரிசை வெட்டுப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றியுள்ள குடும்பச் சின்னங்கள் நிறைந்த பட்டை வேறு உடையிலிருந்து எடுத்துப் பின்னால் சேர்த்தது.

உருவங்களில் யார் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முகத்தைப் பார்க்காமல் கையைப் பாருங்கள். சாவி வைத்திருந்தால் பேதுரு (இராயப்பர்). வாள் என்றால் பவுல் (சின்னப்பர்). எக்ஸ் வடிவச் சிலுவை அந்திரேயா. கத்தி பர்த்தலோமேயு, உயிரோடு தோலுரிக்கப்பட்டவர் என்பது மரபு. சிப்பியும் கைத்தடியும் யாக்கோபு. பெண்களில் சக்கரம் வைத்தவர் கத்தரீன், டிராகன்மேல் நிற்பவர் மார்கரெட். படுத்திருக்கும் ஒருவரின் உடலிலிருந்து கொடி கிளம்பிப் படர்ந்து, அதில் அரசர்கள் அமர்ந்திருந்தால் அது ஈசாயின் மரம், இயேசுவின் வம்சாவழி.

சையோன் கோப்பில் உயிர்த்த இயேசுவின் விலாக்காயத்தில் தோமையார் விரல் வைக்கும் காட்சியும் உண்டு. மயிலாப்பூரும் பரங்கிமலையும் நெஞ்சில் வைத்திருக்கும் அதே தோமையார், லண்டன் ஊசிமுனையில்.

வெல்வெட்மேல் தைத்ததும் உண்டே, அதில் நிமிர்ந்து நிற்கும் மென்முடி தையலை விழுங்கிவிடாதா?

விழுங்கும். அதனால் வெல்வெட்டின்மேல் மெல்லிய பட்டு அல்லது லினனைப் பரப்பி, அதன்மேல் வரைந்து, இரண்டும் சேர்த்துத் தைத்தார்கள். முடிந்ததும் உருவத்துக்கு வெளியே இருக்கும் மெல்லிய துணியை ஒட்ட நறுக்கி எடுத்துவிடுவார்கள். 1330-1350 காலத்துப் பட்லர்-பௌடன் கோப் (லண்டன்), நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் சிச்செஸ்டர்-கான்ஸ்டபிள் சாசுபிள் இரண்டும் சிவப்பு வெல்வெட்டில் இப்படிச் செய்தவை. முதலாவது ஒரு காலத்தில் துண்டு துண்டாக வெட்டப்பட்டு வேறு உடைகளாக்கப்பட்டு, 19ஆம் நூற்றாண்டில் திரும்பவும் கோப்பாகச் சேர்க்கப்பட்டது. ஒட்டுக்கோடுகள் நன்றாகத் தெரியும்.

முத்துகள் எங்கே போயின? உருவங்களின் வெளிக்கோடு ஏன் காணவில்லை?

முத்துகள் விலைபோகும் என்பதால் பிய்த்தெடுக்கப்பட்டன. பல உடைகளில் அவை இருந்த இடம் வெறுமையாக நிற்கிறது.

வெளிக்கோட்டின் கதை வேறு. கறுப்பும் கரும்பழுப்பும் இரும்புச் சத்துள்ள சாயத்தால் ஏற்றியவை. அந்த இரும்பே காலப்போக்கில் பட்டிழையை அரித்து, பொடியாக்கி உதிர்த்துவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் சிவப்பும் நீலமும் நன்றாக இருக்க, கறுப்பு மட்டும் போயிருக்கும். வெளிக்கோடு இல்லாததால் உருவங்கள் இன்று சற்று மென்மையாக, மங்கலாகத் தெரிகின்றன. தைத்த அன்று அவை கண்ணாடி ஓவிய ஜன்னல் போலக் கூர்மையாக இருந்தன.

இந்தக் கலை ஏன் நின்றது?

1348-49இன் பெருங்கொள்ளைநோய் கைதேர்ந்தவர்களையும் வாங்குபவர்களையும் ஒருசேரக் கொண்டுபோனது. ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டோம். இத்தாலியப் பட்டும் வெல்வெட்டும் தம்மளவிலேயே அழகாக வந்தன. பரப்பு முழுவதையும் ஊசியால் மூட வேண்டிய தேவை குறைந்தது. உருவங்களைத் தனியாக லினனில் தைத்து, வெட்டி, வெல்வெட்மேல் ஒட்டித் தைக்கும் வேகமான முறை பரவியது. அடிப்புறக் கட்டு மெல்ல மெல்ல மறைந்து, மேற்கட்டு வந்தது. 15ஆம் நூற்றாண்டிலும் நல்ல வேலை உண்டு. பழைய முகங்கள் மட்டும் இல்லை.

இங்கிலாந்தில் செய்தது இங்கிலாந்தில் ஏன் குறைவாக இருக்கிறது?

சமயச் சீர்திருத்தம், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை பாப்பரசரை விட்டுப் பிரிந்த மாற்றம். எட்டாம் ஹென்றியும் ஆறாம் எட்வர்டும் ஆண்ட காலத்தில் ஆலய உடைகள் பட்டியலிடப்பட்டு, பறிக்கப்பட்டு, விற்கப்பட்டன. பொன்னும் வெள்ளியும் பிரித்தெடுக்கச் சில எரிக்கப்பட்டன. சில மெத்தை உறையும் கட்டில் திரையும் ஆயின. கான்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட்டின் உருவங்களை அழிக்க 1538இல் தனி ஆணையே வந்தது. ஸ்பெயினின் டொலேடோவுக்குப் போன கோப்பில் அவர் பத்திரமாக இருக்கிறார்.

அன்பளிப்பாக வெளியே போனவைதான் பெரும்பாலும் பிழைத்தன. 1288இல் நான்காம் நிக்கோலாஸ் பாப்பரசர் அஸ்கோலி பிசேனோ பேராலயத்துக்கு ஒரு கோப் கொடுத்தார். 1462இல் இரண்டாம் பயஸ் தம் பியென்சா நகருக்கு ஒன்று கொடுத்தார். அஸ்கோலி கோப் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருடுபோய், அமெரிக்கச் செல்வர் ஜே. பி. மார்கன் கைக்கு விலைக்கு வந்தது. திருட்டுப்பொருள் என்று தெரிந்ததும் அவர் இத்தாலிக்கே திருப்பிக் கொடுத்தார். பொலோன்யா, அனாக்னி, மாட்ரிட் நகரங்களிலும் முதல்தரமானவை உண்டு.

அடிப்புறக் கட்டை நானே தைத்துப் பார்க்கலாமா? எங்கே தவறும்?

தாராளமாக. 5 சென்டிமீட்டர் சதுரம் போதும், ஒரு மாலைநேரம் பிடிக்கும். திண்ணமான லினன் இரண்டு அடுக்கு (மேலே நெருக்கமான நெசவு, கீழே சற்று முரடானது), மெழுகிட்ட லினன் நூல், உள்ளே நூல் உள்ள மெல்லிய சரிகை, ஆரி வேலைக்கு வைத்திருக்கும் சட்டம். கடையில் கிடைக்கும் சுருள் கம்பி வகைகளுக்கு நடுவில் நூல் இல்லை, அவை இதற்கு ஆகாது. கட்டுக்குக் கட்டு 3 அல்லது 4 மில்லிமீட்டர் விட்டு, அடுத்த வரியில் நடுவில் வருமாறு வையுங்கள். சரிகையின் இரு நுனிகளையும் தடித்த ஊசியால் அடிப்புறம் இறக்கித் தைத்து நிறுத்துங்கள்.

கட்டு நூல் மேலே தெரிந்தால், நீங்கள் அதே துளையில் இறங்கவில்லை. ஓர் இழை தள்ளி இறங்கினால்கூட லினன் நெசவு இடையில் நின்று தடுத்துவிடும். சரிகை இறங்க மறுத்தால், துளை சிறிது. இரண்டு அளவு தடித்த ஊசியை எடுங்கள், அல்லது முன்கூட்டியே துளையை அகட்டிக்கொள்ளுங்கள். கீற்று பிரிந்து உள்நூல் தெரிந்தால் சரிகை தடிமன் அதிகம். துணி சுருங்கினால் சட்டத்தில் இழுவை போதவில்லை: விரலால் தட்டினால் மேளம் போல ஒலிக்க வேண்டும். அடிப்புறம் நீளமான கண்ணி விழுந்தால் இழுத்தது அதிகம். பாலியஸ்டர் நூலில் முயல்பவர்கள் உண்டு. அது வழுக்குவதால் கட்டு நிற்காது, இளகிவிடும். மெழுகிட்ட லினன் துளைக்குள்ளேயே கவ்விக்கொள்கிறது.

செங்கல் அடுக்கு கைவந்தபிறகு பிளவுத் தையலுக்குப் போங்கள். முழு உருவத்துக்கு அவசரப்பட வேண்டாம். ஒரே ஒரு கன்னத்தை, பத்து ரூபாய் நாணயம் அளவில், நடுவிலிருந்து சுற்றித் தைத்துப் பாருங்கள்.

எங்கள் ஆலயத்துப் பீரோவில் பழைய சரிகை வேலைப் பூசை உடை இருக்கிறது. என்ன செய்யலாம்?

நம் ஆலயங்களில் இருக்கும் பழைய உடைகள் இடைக்கால வேலை அல்ல, பெரும்பாலும் 19, 20ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. பராமரிப்பு மட்டும் ஒன்றே.

துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். கறுத்த சரிகையைப் புளி, எலுமிச்சை, வெள்ளி துலக்கும் பொடி எதனாலும் தேய்க்காதீர்கள். பூச்சு தங்கம் மிக மெல்லியது, கறுப்போடு அதுவும் போய்விடும். கொக்கியில் தொங்கவிட்டால் பொன்வேலையின் பாரம் தோளில் இறங்கி அங்கே பட்டுக் கிழியும். படுக்கையாக வையுங்கள். மடித்தே ஆக வேண்டுமென்றால் மடிப்புக்குள் அமிலமற்ற மென்தாளை உருளையாகச் சுருட்டி வைத்து, கோடு விழாமல் வளைவாக மடியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மடிப்பின் இடத்தை மாற்றுங்கள்.

ரப்பர், கம்பளி, செய்தித்தாள், சாதாரண அட்டைப்பெட்டி எதுவும் பக்கத்தில் வேண்டாம். ரப்பரிலும் கம்பளியிலும் இருந்து வரும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கும், தாளின் அமிலம் பட்டுத்துணியை நைக்கும். துவைத்த, கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டியால் மூடினால் நல்லது. பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினால் நம் ஊர் மழைக்கால ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும்.

பிய்ந்த சரிகையைக் கோந்து வைத்து ஒட்ட வேண்டாம். வெட்டியும் எறிய வேண்டாம். அந்த இடத்தின்மேல் மெல்லிய வலைத்துணியைப் பரப்பி, வேலைப்பாட்டில் ஊசி படாமல் ஓரத்தில் மட்டும் நாலு தையல் போட்டு நிறுத்தி வைத்தால், பிறகு தெரிந்தவர் கைக்குப் போகும்வரை அது அங்கேயே இருக்கும்.